பறிக்கப்பட்ட கோலும் பளிங்குச் சிறையும்

எழுபது வயதைக் கடந்த ஒரு பத்திரிகைக்காரனுக்கு வீடியோ விளையாட்டில் என்ன வேலை என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஈய எழுத்துக்களைக் கோத்துப் பத்திரிகை செய்த காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். இன்றுவரையில் ஒரு வீடியோ விளையாட்டையேனும் முழுமையாக ஆடி முடித்தவனல்லன். அந்தக் கைப்பிடியிலுள்ள பொத்தான்கள் எனது விரல்களுக்கு ஒருபோதும் வசப்படவில்லை. ஆயினும் இந்தப் பத்தியை எழுதாமலிருக்க என்னால் இயலவில்லை. விளையாட்டுத் தொழிலில் நடந்த ஒரு காரியம், எனது தொழிலில் நான் பட்ட பழைய காயமொன்றைக் கிளறிவிட்டது.

சில நாட்களுக்கு முன்னர் எனது தங்கையின் பேரன் தனது கணினியில் எதையோ ஆடிக்கொண்டிருந்தான். நீலநிறப் பெண்ணொருத்தி கையில் நீண்ட கோலுடன் ஒரு பாய்மரக் கப்பலின் மேற்தட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். படம் இடையிடையே உடைந்தது. “இதென்ன மோனை, பழுதாய்ப்போன விளையாட்டோ?” என்று கேட்டேன். “இல்லைத் தாத்தா, இது வெளியிலை வராத விளையாட்டு. நிப்பாட்டிப்போட்டு வேற பேரிலை வித்தவங்கள்” என்றான். பின்னர், எனது முகத்தைப் பார்த்துவிட்டு, “அதுக்கென்ன, இது வெறும் கேம்தானே” என்று சமாதானமும் சொன்னான்.

வெறும் கேம்தானே என்ற அந்தச் சொல்லுக்கு நான் எழுதும் பதில்தான் இது.

முதலில் நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். இத்துறையை நன்கறிந்த வாசகர்கள் பொறுத்தருள்க.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் மாவட்டத்திலுள்ள ருவைகுரொஸ் என்ற சிறிய கிராமத்தில் ரேர் என்றொரு நிறுவனம் இயங்கி வருகிறது. 1985 ஆம் ஆண்டு ரிம் ஸ்டாம்பர், கிறிஸ் ஸ்டாம்பர் என்ற சகோதரர்கள் தொடங்கியது. தொண்ணூறுகளில் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் இதன் பங்குகளில் 49 சதவீதம் வரையில் வாங்கியிருந்தது. நின்டென்டோ 64 என்ற கருவிக்காக ரேர் செய்துகொண்டிருந்த கடைசிக்காலப் படைப்புகளில் ஒன்றுதான் ‘டைனோசர் பிளானட்’. 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற ஈ3 கண்காட்சியில் அதன் காட்சிகள் உலகுக்குக் காட்டப்பட்டன.

அந்த விளையாட்டுக்கு இரண்டு நாயகர்கள். ஒருவன் சேபர்; வாள் ஏந்தியவன். மற்றவள் கிறிஸ்டல், கோல் ஏந்தியவள். சேபருக்குத் துணையாக ட்ரிக்கி என்ற இளம் டைனோசர். கிறிஸ்டலுக்குத் துணையாகப் பறக்கும் குட்டியான கைட். இருவருக்கும் ஆளுக்கொரு பாதை. ஆடுபவர் ஒருவரை விட்டு மற்றவராக மாறி மாறி நடக்கலாம். ராண்டோன் என்ற மந்திரவாதி சேபருக்குத் தந்தை, கிறிஸ்டலுக்கு வளர்ப்புத் தந்தை. ஜெனரல் ஸ்கேல்ஸ் என்பவன் எதிரி. ஓர் உலகம், அதற்கென்று ஒரு வரலாறு, அதற்குரிய மாந்தர்கள். இவற்றையெல்லாம் ஒரு குழுவினர் ஆண்டுக்கணக்கில் இருந்து சமைத்தார்கள்.

அக்காட்சிகளைப் பார்த்த நின்டென்டோவின் ஷிகேரு மியாமோட்டோ, சேபரின் தோற்றம் தமது நிறுவனத்தின் நரி நாயகனான பொக்ஸ் மெக்ளவுட்டை ஒத்திருக்கிறது என்று கண்டார். மியாமோட்டோ இலேசான ஆளல்லர். மாரியோவைப் படைத்தவர். அவரது வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு அத்தொழிலில் என்ன எடையென்று நான் சொல்லவேண்டியதில்லை. ‘டைனோசர் பிளானட்’ நிறுத்தப்பட்டது. வேலை முழுவதும் கேம்கியூப் என்ற புதிய கருவிக்கு மாற்றப்பட்டது. 2002 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ‘ஸ்டார் பொக்ஸ் அட்வெஞ்சர்ஸ்’ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது.

இவ்வளவுதான் செய்தி. ஒரு பத்திரிகையில் நான்கு அங்குலத்தில் அடக்கிவிடலாம். ஆனால், அந்தப் பெயர்மாற்றத்தின்போது உள்ளே நடந்த வெட்டுக்கொத்து நான்கு அங்குலத்தில் அடங்காது.

சேபர் இல்லாமற்போனான். அவன் இடத்தில் பொக்ஸ் வந்து நின்றான். ராண்டோன் என்ற முதியவர் அடியோடு நீக்கப்பட்டார். கிறிஸ்டலுக்கு நேர்ந்ததோ இவற்றையெல்லாம் விடக் கொடியது. தொடக்கத்தில் சிறிது நேரம் அவளாக ஆட அனுமதிக்கிறார்கள். கப்பலுடன் நடக்கும் மோதலில் அவளது கோல் கைநழுவி வீழ்கிறது. அதன்பின் ஓர் ஆலயத்தில் அவளைப் பளிங்குக்குள் அடைத்துவிடுகிறார்கள். அவளது பெயரின் பொருளே பளிங்கு. அதற்குள்ளேயே அவளைச் சிறைவைத்துவிட்டு, விளையாட்டின் மிகப்பெரும் பகுதியை அவளில்லாமல் நடத்துகிறார்கள். வந்திறங்கும் நரி நாயகன், தரையில் கிடக்கும் அவளது கோலை எடுத்துக்கொள்கிறான். விளையாட்டு முடியும்வரை அவனுக்கு ஆயுதம் அதுதான்! இரண்டு நாயகர்களில் ஒருத்தியாக இருந்தவள், ஆடை குறைக்கப்பட்டு, ஆடாமல் அசையாமல் நாயகன் கண்டு மயங்குவதற்கான பதுமையாக அந்தரத்தில் தொங்குகிறாள்.

இதை எழுதியவர்கள் உள்ளுக்குள் ஒப்புதல் வாக்குமூலமொன்றை எழுதுவதாக நினைத்தார்களோ இல்லையோ, எனக்கு அது அப்படித்தான் தெரிகிறது. ஒருத்தியின் கோலைப் பறித்து இன்னொருவனிடம் கொடுத்தார்கள். ஒரு படைப்பின் உழைப்பைப் பறித்து இன்னொரு பெயருக்குக் கொடுத்தார்கள்.

தையல் ஒழுங்காகவும் விழவில்லை. ஸ்டார் பொக்ஸ் என்பது 1993 ஆம் ஆண்டிலிருந்து விண்கலத்தில் பறந்து சுடுகின்ற விளையாட்டு. இங்கே நாயகன் பெரும்பாலும் கால்நடையாகத் திரிகிறான். அவனது விண்கலம் இடையிடையே தலைகாட்டிவிட்டுப் போகிறது. ஆரம்பம் முதல் அச்சுறுத்திக்கொண்டிருந்த ஜெனரல் ஸ்கேல்ஸுடன் இறுதியில் மோதல் தொடங்கும் தறுவாயில், அம்மோதல் நடக்காமலே முடிந்துவிடுகிறது. உண்மையான எதிரி தானே என்று சொல்லிக்கொண்டு, ஸ்டார் பொக்ஸ் தொடரின் பழைய வில்லன் அன்ட்ரொஸ் வந்துவிடுகிறான். வீட்டைக் கட்டியவனை வெளியே நிறுத்திவிட்டு, குடிபுகுவிழாவுக்கு வேறொருவனை அழைத்த கதை. நிறுத்தப்பட்ட விளையாட்டின் பெயர் மட்டும், உள்ளே அந்தக் கிரகத்தின் பெயராக, ஒரு கல்லறை வாசகம்போல் எஞ்சியிருந்தது.

இந்த இடத்தில் எனது சொந்தக் கதையைச் சொல்ல வாசகர்கள் அனுமதிக்கவேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் பணியாற்றிய பத்திரிகையொன்றின் வாரப் பதிப்புக்காகக் கரையோரக் கிராமமொன்றுக்குச் சென்று வள்ளம் கட்டும் ஓர் ஓடாவியாரைப் பற்றி எழுதினேன். எழுதப்போனது அவரைப் பற்றி. எழுதி முடித்தபோது கட்டுரையின் நடுவில் நின்றவர் அவரது மகள். தகப்பனின் கண்பார்வை மங்கியபின் பலகைக்கு அளவெடுத்ததும் குறி போட்டதும் அந்தப் பெண்தான். மூன்று தடவை போய்வந்து, இரண்டு கிழமை இருந்து எழுதிய கட்டுரை அது. அச்சுக்கோத்து, புரூப் எடுத்து, திருத்தமும் முடிந்திருந்தது.

கடைசி நாளில் கட்டுரை நிறுத்தப்பட்டது. காரணம் எனக்குச் சொல்லப்படவில்லை. மூன்று வாரங்கள் கழித்து, அதே வாரப் பதிப்பில் வெளிவந்துகொண்டிருந்த பிரபலமான தொடர்கதையொன்றின் அத்தியாயத்தில் எனது கிராமத்தைக் கண்டேன். நான் எழுதிய வாடி, நான் எழுதிய மரவாசனை, நான் எழுதிய அதே ஓடாவியார். தொடர்கதையின் நாயகன் அங்கே வந்து ஏதோ துப்புத் துலக்குகிறான். அளவுகோல் பிடித்த மகள் அவனுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போகிறாள். ஆசிரியபீடத்தில் கேட்டேன். “வீணாய்ப் போகவிடாமல் பயன்படுத்தியிருக்கிறோம், சந்தோஷப்படும்” என்றார்கள்.

அடுத்த முறை அக்கிராமத்துக்குப் போனபோது ஓடாவியார் கேட்டதை நான் மறக்கவில்லை. “தம்பி, என்ர பிள்ளையைப் பற்றி எழுதினனீர் எண்டு சொன்னீர். பேப்பரிலை வேற ஆரோ ஒருத்தன் வந்து நிக்கிறான். அவள் எங்கை?”

என்னிடம் அப்போது பதில் இருக்கவில்லை. ஆண்டுகள் பல கழித்து, எங்களுடன் பணியாற்றிய ஒப்புநோக்காளர் ஒருவர் ஓய்வுபெற்றுச் செல்லும் நாளில், மடித்து மஞ்சளேறிய மூன்று தாள்களை எனது கையில் வைத்தார். அக்கட்டுரையின் புரூப் தாள்கள். குப்பைக்கூடைக்குப் போகவேண்டியதை இலாச்சியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அலுவலகச் சட்டப்படி அவர் செய்தது தவறு. அந்தத் தவறைச் செய்யாவிட்டால், அப்பெண் அளவெடுத்தாள் என்பதற்கு எழுத்தில் ஒரு சான்றும் இருந்திராது.

இப்போது வாதத்துக்கு வருகிறேன்.

ரேர், நின்டென்டோ போன்ற நிறுவனங்களின் சார்பில் பேசுவோர் முதலில் வைக்கும் நியாயம், இது தொழில் வழமை என்பது. பல விளையாட்டுகள் இப்படி நடுவழியில் உருமாறித்தான் பிறந்தன என்பார்கள். உண்மை. ஆனால், எல்லா உருமாற்றமும் ஒன்றல்ல.

கப்கொம் நிறுவனத்தில் 1999 ஆம் ஆண்டளவில் ஹிடேக்கி கமியா என்பவரின் தலைமையில் ‘ரெசிடென்ட் ஈவில்’ தொடரின் நான்காம் பாகத்துக்கான வேலை ஆரம்பமானது. வேலை வளர வளர, அது அத்தொடரின் இயல்பிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டது. அவர்கள் என்ன செய்தார்கள்? புகழ்பெற்ற தொடரின் பெயரைக் கழற்றிவிட்டு, அதற்கென்று புதியதொரு பெயரைக் கொடுத்தார்கள். 2001 ஆம் ஆண்டு ஓகஸ்டில் அது ‘டெவில் மே கிரை’ என வெளிவந்தது. பெரிய பெயரின் நிழலில் விற்றிருக்கக்கூடிய ஒன்றை அதன் சொந்தக் காலில் நிற்கவிட்டார்கள். அது பின்னர் ஒரு தொடராகவே வளர்ந்தது.

இன்னொன்று. அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் ‘டைட்டன்’ என்ற பெயரில் ஏழாண்டுகள் அளவில் ஒரு விளையாட்டைச் செய்தது. அது சரிவரவில்லை. 2014 ஆம் ஆண்டு செப்டெம்பரில் நிறுவனத்தின் தலைவர் மைக் மொர்ஹைம், அதைக் கைவிட்டுவிட்டோம் என்று பகிரங்கமாகவே சொன்னார். எஞ்சிய குழுவினர் அந்த இடிபாடுகளிலிருந்து எடுத்த எண்ணங்களைக் கொண்டு ‘ஓவர்வொட்ச்’ என்ற புதிய விளையாட்டைச் செய்தார்கள். 2016 ஆம் ஆண்டு மே மாதம் அது வெளிவந்தது. டைட்டன் தோற்றதையும், அதிலிருந்து எது வந்தது என்பதையும் அதன் இயக்குநர் ஜெவ் கப்லன் பின்னர் மேடைகளில் பேசினார்.

இவ்விரண்டையும் நான் குறைகூறவில்லை. எழுதுகிறவன் தனது கையெழுத்துப் பிரதியைத் தானே கிழித்து, தானே மீள எழுதுவது அவனது உரிமை. நானும் எத்தனையோ கிழித்திருக்கிறேன். ‘டைனோசர் பிளானட்’ விடயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே புதியதாகப் பிறக்கவிருந்த பெயரொன்று, ஏற்கெனவே விலைபோகும் பெயரொன்றுக்குத் தீனியாக்கப்பட்டது. கமியாவின் விளையாட்டு பெரிய வீட்டிலிருந்து வெளியேறித் தனிவீடு கட்டியது. கிறிஸ்டலின் விளையாட்டோ, தனிவீட்டை இடித்துப் பெரிய வீட்டுக்குத் தாழ்வாரம் போட்டது. இரண்டுக்கும் ‘மறுவடிவமைப்பு’ என்று ஒரே சொல்லைப் பாவிப்பது மொழிக்குச் செய்யும் துரோகம்.

இரண்டாவது நியாயம் வியாபாரம். பெரிய பெயர் இருந்தால்தான் விற்கும். விற்றால்தான் நிறுவனம் நிலைக்கும். சரி, நிலைத்ததா? ‘ஸ்டார் பொக்ஸ் அட்வெஞ்சர்ஸ்’ அமெரிக்கக் கடைகளுக்கு வந்த அதே வாரத்தில், 2002 செப்டெம்பர் 24 ஆம் திகதி, ரேர் நிறுவனத்தை மைக்ரோசொப்ட் 375 மில்லியன் டொலருக்கு வாங்கிய செய்தி அறிவிக்கப்பட்டது. நின்டென்டோ தனது பங்குகளைக் கைவிட்டது. எந்தக் குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்வதற்காகத் தமது பிள்ளையின் முகத்தை மாற்றினார்களோ, அந்தக் குடும்பத்துடனான உறவே பிள்ளை பிறந்த வாரத்தில் அறுந்துபோயிற்று.

அதன் விளைவு இன்றுவரை தொடர்கிறது. செய்தவர்களின் நிறுவனம் மைக்ரோசொப்டிடம். ஸ்டார் பொக்ஸ் என்ற பெயரும் அதன் மாந்தரும் நின்டென்டோவிடம். 2015 ஆம் ஆண்டு ரேர் தனது முப்பதாண்டு நிறைவுக்காக 30 பழைய விளையாட்டுகளைத் தொகுத்து ‘ரேர் ரீப்ளே’ என்று வெளியிட்டது. அதில் ‘டைனோசர் பிளானட்’ இல்லை. ‘ஸ்டார் பொக்ஸ் அட்வெஞ்சர்ஸ்’ கூட இல்லை. கிறிஸ்டல் 2005 இலும் 2006 இலும் வந்த இரண்டு ஸ்டார் பொக்ஸ் விளையாட்டுகளில் துணைப்பாத்திரமாகத் தோன்றினாள். 2016 ஆம் ஆண்டின் ‘ஸ்டார் பொக்ஸ் சீரோ’வில் அவளைக் காணோம். இரண்டு வீட்டாரும் உரிமை பேசுவார்கள்; சோறு போட ஒருவருமில்லை.

மூன்றாவது நியாயம் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. இறுதியில் வெளிவந்ததுதான் படைப்பு. நடுவில் கிடந்தது வெறும் கழிவு என்பார்கள். தமிழ் படித்த எவரும் இதை ஏற்க இயலாது. ஏட்டுச்சுவடிகளிலிருந்து நூல்களை அச்சேற்றிய நமது பதிப்பாசிரியர்கள் ஒரு சுவடியைக் கண்டதும் மற்றவற்றைத் தூக்கியெறிந்தார்களா? 1887 ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சிட்ட யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும், அவருக்குப் பின் ஊரூராக அலைந்த உ. வே. சாமிநாதையரும், ஒரே நூலுக்குக் கிடைத்த சுவடிகளையெல்லாம் தேடித் திரட்டி ஒப்புநோக்கினார்கள். ஒன்றில் இல்லாத சொல் மற்றொன்றில் இருந்தால் அதைப் பாடபேதமென்று அடியில் குறித்தார்கள். வேறுபடும் பாடத்துக்கும் ஒரு மதிப்புண்டு என்பது நமது புலமை மரபின் அடிப்படை. ‘டைனோசர் பிளானட்’ என்பது ‘ஸ்டார் பொக்ஸ் அட்வெஞ்சர்ஸ்’ஸின் பாடபேதம். அதைப் பார்த்தால்தான் பின்னையதில் எது சொந்தச் சதை, எது ஒட்டுப்போட்ட தோல் என்று தெரியவரும்.

நிறுத்தியதை வெளியிட முடியாது என்றும் சொல்லிவிடவேண்டாம். அதே ஸ்டார் பொக்ஸ் தொடரின் இரண்டாம் பாகம் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் செய்து முடிக்கப்பட்டு, வெளியிடப்படாமல் நிறுத்தப்பட்டது. அதிலிருந்த எண்ணங்கள் சில 1997 ஆம் ஆண்டின் ‘ஸ்டார் பொக்ஸ் 64’க்குப் போயின. அத்துடன் அது மறைந்திருக்கவேண்டும். ஆனால், 2017 ஆம் ஆண்டு செப்டெம்பரில், தனது பழைய கருவியின் சிறுவடிவமொன்றை விற்பனைக்கு விட்டபோது, அதற்குள் ‘ஸ்டார் பொக்ஸ் 2’ஐயும் சேர்த்து நின்டென்டோவே வெளியிட்டது. இருபதாண்டுகளுக்கு மேல் கிடந்த ஒன்று சட்டபூர்வமாக, உரியவர் கையாலேயே வெளிவந்தது. வானம் இடிந்து வீழவில்லை. நின்டென்டோவின் மதிப்பும் குறையவில்லை. மாறாக, மக்கள் மகிழ்ந்தார்கள். ஆக, இயலாது என்பது பொய். மனமில்லை என்பதே மெய்.

‘டைனோசர் பிளானட்’டுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. அதற்குக் கிடைத்தது எனது ஒப்புநோக்காளரைப் போன்ற சிலர். 2021 ஆம் ஆண்டு பெப்ரவரியில், ‘பொரஸ்ட் ஒவ் இலூஷன்’ என்ற ஆர்வலர் குழு, 2000 டிசெம்பர் முதலாம் திகதியிட்ட அதன் நகலொன்றை இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கச் செய்தது. சுவீடனிலுள்ள ஒரு தனியார் சேகரிப்பாளரிடமிருந்து விலைகொடுத்து வாங்கியதாக அவர்கள் தெரிவித்தார்கள். அந்த நகலிலேயே சேபரின் இடத்தில் பொக்ஸின் உருவம் வந்து குந்திவிட்டது. அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த படம் அது. ஆனால், கிறிஸ்டல் அங்கே இன்னும் நடக்கிறாள். கோல் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. எனது தங்கையின் பேரன் ஆடிக்கொண்டிருந்தது அந்த நகலைத்தான்.

திருட்டுப் பிரதி என்பார்கள். இதுதான் நான்காவது நியாயம்: சட்டம். சட்டத்தின் கண்ணில் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். பத்திரிகைக்காரன் என்ற முறையில், எழுதியவனின் பதிப்புரிமையை நான் என்றும் மதிப்பவன். ஆனால், பதிப்புரிமை எதற்காக வந்தது? படைத்தவனுக்குப் பலன் கிடைக்கவும், அதனால் மேலும் படைப்புகள் உலகுக்கு வரவும். விற்கவும் மாட்டேன், காட்டவும் மாட்டேன், காப்பகத்துக்குக் கொடுக்கவும் மாட்டேன், பிறர் காப்பாற்றினால் திருடன் என்பேன் என்றால், அந்த உரிமை யாரைக் காக்கிறது? அந்த விளையாட்டுக்காக இரவு பகலாக உழைத்தவர்களுக்கு அதனால் ஒரு சதமேனும் கிடைக்கிறதா?

வெளிவராதவற்றின் கதி கிடக்கட்டும், வெளிவந்தவையே அழிகின்றன. அமெரிக்காவிலுள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேசன் 2023 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, 2010 ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதமானவை இன்று சந்தையில் வாங்கக் கிடைப்பதில்லை. நூறு நூல்களில் 87 நூல்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்றால் நாம் வாளாவிருப்போமா? அவற்றை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பயன்படுத்த நூலகங்கள் வழிசெய்யலாம் என்று விதிவிலக்குக் கேட்டபோது, விளையாட்டு நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. 2024 ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அவ்வேண்டுகோளை நிராகரித்தது. தாங்களும் காப்பாற்றார், நூலகர் காப்பாற்றவும் விடார். இத்தகையோர் இலாச்சியில் ஒளித்துவைத்தவனைப் பார்த்துத் திருடன் என்பது வேடிக்கை.

இனி எஞ்சுவது பேரனின் சொல். வெறும் கேம்தானே.

மோனை, நாடகத்தை வெறும் கூத்துத்தானே என்றார்கள். சினிமாவை வெறும் படந்தானே என்றார்கள். நாங்கள் எழுதியதை, நாளைக்கு மீன் சுற்றும் பேப்பர்தானே என்றார்கள். ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு விளங்காத கலையை ‘வெறும்’ என்ற சொல்லால் ஒதுக்கியது. அடுத்த தலைமுறை தொலைந்ததைத் தேடி அலைந்தது. ஒருவர் கதை எழுதினார், ஒருவர் முகம் வரைந்தார், ஒருவர் இசை கோத்தார், ஒருவர் ஒரு பெண் எப்படி நடக்கவேண்டுமென்று மாதக்கணக்கில் கணக்கிட்டார். இதற்குப் பெயர் உழைப்பு. உழைப்புக்கு முன்னால் ‘வெறும்’ என்ற சொல் வரக்கூடாது.

எனது கோரிக்கை பெரிதல்ல. நிறுத்துங்கள், அது உங்கள் பணம். மாற்றுங்கள், அது உங்கள் ஒப்பந்தம். ஆனால், நிறுத்தியதன் ஒரு பிரதியை ஒரு காப்பகத்தில் வையுங்கள். எதிலிருந்து எது வந்தது என்று புதியதின் முகப்பிலே ஒரு வரி எழுதுங்கள். நீக்கப்பட்ட பகுதிகளைச் செய்தவர்களின் பெயர்களையும் அதில் சேருங்கள். குறித்த ஆண்டுகள் கழிந்ததும் ஆய்வாளருக்கும் ஆர்வலருக்கும் அதைத் திறந்துவிடுங்கள். இந்த நான்கும் ஒரு நிறுவனத்தையும் வறுமையில் தள்ளிவிடாது. மைக்ரோசொப்டும் நின்டென்டோவும் ஒரு மேசையில் அமர்ந்தால், ‘டைனோசர் பிளானட்’டை முறையாக வெளியிடலாம். அதுவரையில், உடைந்து உடைந்து ஓடும் அந்த நகலைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கும் முகந்தெரியாத இளைஞர்களைத் திருடர் என்று அழைக்க நான் உடன்படமாட்டேன்.

ஓடாவியார் இன்று இல்லை. அவரது மகள் கடல்கடந்து எங்கோ இருக்கிறார் என்று கேள்வி. அந்த மூன்று புரூப் தாள்களும் எனது மேசையின் கண்ணாடிக்குக் கீழே இருக்கின்றன. அவற்றில் ஒரு வரியில், அவர் பலகையின்மீது குனிந்து சுண்ணக்கட்டியால் குறி போடுகிறார். அவள் எங்கை என்று அந்த முதியவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதிலாவது உண்டு.

‘டைனோசர் பிளானட்’டைச் செய்தவர்களுக்கும் அப்படியொரு பதில் கிடைக்கவேண்டும். அதற்குப் பொறுப்பானவர்கள் அதைத் தாமாகவே கொடுக்கவேண்டும். இலாச்சியில் ஒளித்து வைத்தவர்களின் தயவில் அது நிற்கக்கூடாது.